வேலி முதலா, தோட்டம் முதலா

ஜூன் 4
பதினோரு மாதமாக ஒரே சொல்லோடு குடித்தனம் நடத்துகிறேன். கட்டிய மனைவியைக்கூட இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததில்லை. ஆங்கிலத்தில் அது டவுன், ஊர். ஜெர்மன்காரன் அதையே வேலி என்கிறான், டச்சுக்காரன் தோட்டம் என்கிறான், ஐஸ்லாந்தில் வீட்டையொட்டிய புல்வெளி. பக்கத்துக் கெல்டிக்காரன் அதன் பங்காளிச் சொல்லைக் கோட்டையாகவே கட்டிவிட்டான். ஜெர்மனில் ஆண்பால், பன்மையில் உயிரெழுத்தே நெளியும். ஐஸ்லாந்தில் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. ஒன்றோ நூறோ, ஒரே உருவம். ஆங்கிலத்துக்குப் பாலே கிடையாது, வெறும் கடுங்காப்பி. அத்தனையையும் ஒரு சாண் அகராதி அட்டையில் அடக்கிய மகான் அடியேன்.

ஜூன் 9
அகராதி அலுவலகச் சட்டம்: அட்டையில் இரண்டு கையெழுத்து விழுந்தால்தான் சொல் அச்சேறும். எனக்கு வாய்த்த இரண்டாவது கை, பக்கத்து மேசையிலிருக்கும் என் மனைவியின் தம்பி. வேலிதான் அந்தச் சொல்லின் முதல் அர்த்தம் என்கிறேன் நான். வேலிக்குள் இருக்கும் இடம்தான் என்கிறான் அவன். இன்று நாற்பதாவது ஆட்சேபம். முப்பத்தொன்பதும் பொறாமை. நாற்பதில் கொஞ்சம் நியாயம் இருந்தது – அதனால்தான் அதிகம் கத்தினேன்.

ஜூன் 17
மச்சினன் முப்பதாம் தேதி விருப்ப ஓய்வு பெறுகிறான். அன்று மாலையே புத்தகம் அச்சுக்கு. அதற்குள் அவன் கையெழுத்து விழாவிட்டால் சொல் வெளியே என்று பதிப்பாசிரியர் சொல்லிவிட்டார். சாம்ராஜ்யங்கள் கவிழ்ந்ததுகூட இப்படி நாள் குறித்து இல்லை.

ஜூன் 18
இரண்டு மேசைகளுக்கும் நடுவே அகராதிகளை அடுக்கி வேலி கட்டினேன். அவனும்தான்.

ஜூன் 24
மனைவியைத் தூது போகச் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "அவன் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டா, அப்புறம் யாரோட சண்டை போடுவீங்க?"
இந்த வீட்டில் எனக்கு மரியாதை இல்லை.

ஜூன் 30
டீ, பிஸ்கட், மாலை, நாலு பொய்ப் புகழ்ச்சி. அவன் மேசை துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. எல்லாரும் கலைந்ததும் பேனாவைத் திறந்துகொண்டு வந்தான்.
"குடுங்க மாமா. வேலியே மொதல்ல இருக்கட்டும். போட்டுத் தொலைக்கிறேன்."
ஜெயித்துவிட்டேன்! அட்டை என் சட்டைப் பையில்தான் குத்திக்கொண்டிருந்தது.
"வீட்லயே வெச்சிட்டு வந்துட்டேன்டா."
என்ன காரியம் செய்தேன்? அவன் என் சட்டைப் பையைப் பார்த்தான். பேனாவை மூடினான்.

ஜூலை 3
புத்தகம் அச்சில் ஓடுகிறது. எங்கள் சொல் அதில் இல்லை. பதிப்பாசிரியர் வஞ்சனையில்லாமல் திட்டினார். சாயங்காலம் வீடு திரும்பினால், கூடத்தில் மச்சினன். கையில் நாற்பத்தொன்றாவது ஆட்சேபம், நான்கு பக்கம். அன்றைக்கு ஏதோ பலவீனத்தில் ஒப்புக்கொண்டுவிட்டானாம். அவன் முதல் பக்கத்தைத் தாண்டுவதற்குள் என் மனைவி மூன்று பேருக்கு உலை வைத்துவிட்டாள்.