இருபத்தெட்டு அல்ல, எண்பது

ஏட்டி, பெரிய சேதி: நம் தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில், பஸ் ஸ்டாப்புக்கு மேலே, ஆளைப் போல இரண்டு மடங்கு பெரிசாக நீ தொங்கிக்கொண்டிருக்கிறாய், கையில் மார்க் ஷீட், முகமெல்லாம் சிரிப்பு, பக்கத்தில் போட்டிருக்கிற கணக்கு மட்டும் தப்பு.

போன மழைக்குக் காய்ச்சலில் போனவள் இந்த வருஷ அட்மிஷன் சீசனில் டியூஷன் கிளாஸ் பேனரில் திரும்பி வருவாய் என்று யார் நினைத்தது? புது ஃப்ளெக்ஸின் பிளாஸ்டிக் நாற்றம் அடிக்க, பேனருக்குக் கீழே நின்று இங்கிலீஷில் எழுதியிருந்ததை வாசித்தேன். கணக்கில் முப்பத்தைந்திலிருந்து அறுபத்து மூன்று, இருபத்தெட்டு சதவீத வளர்ச்சி, எங்கள் மாணவி. அடியில் அந்த சயான் டியூஷன் சாருடைய கிளாஸ் பெயர், போன் நம்பர், நூறு சதவீத ரிசல்ட் என்று தங்கக் கலரில் ஒரு முத்திரை.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இளப்பம்தான் வந்தது. ஒரு பெண்ணின் படத்தைத் திருடிப் போடுகிற ஆள், திருடினதுக்காவது ஒழுங்காகக் கணக்குப் போடக் கூடாதா? முப்பத்தைந்தில் இருபத்தெட்டு ஏறினால் அது எண்பது சதவீதம். தன் பெருமையைத் தானே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துத் தொங்கவிட்டிருக்கிறார். பொய் சொல்லவும் துப்பில்லாத வாத்தியாரை பம்பாயில் வேறு எங்கே பார்ப்பது?

அவருடைய கிளாஸுக்கு நீ போனது ஒரு நாள் இலவச டெமோ வகுப்புக்கு மட்டும். நானும் கூட வந்தேன். சயான் ஸ்டேஷன் பக்கம் மாடியில் ஏசி போட்ட ரூம். எல்லாரிடமும் அரையாண்டு மார்க்கைக் கேட்டுக்கொண்டே வந்தவர் உன்னிடம் நின்றார்.

"தர்ட்டி ஃபைவா? தேக்கோ மா, தப்பா எடுத்துக்காத. உன்னைச் சேத்தா என் ரிசல்ட் கெட்டுரும். வேற எங்கயாவது பாரு."

படி இறங்கும்போது நீ அழுவாய் என்று பார்த்தேன். நீ யோசித்துக்கொண்டிருந்தாய்.

"ஏட்டி, இவரு நூறு சதவீதம் எப்படி எடுக்காருன்னு வெளங்கிட்டு. ஃபெயிலாவுற புள்ளயள மொதல்லயே வெளிய தள்ளிருதாரு. பெறவு மிச்சம் இருக்கதுல வகுத்தா நூறு வராம என்ன வரும்?"

சதவீதம் என்றாலே நான் பக்கத்தைப் புரட்டிவிடும் காலம் அது. எட்டாம் வகுப்பில் சதவீத மாற்றம், சதவீதப் பிழை என்று இரண்டு பாடம். ஸ்கூலில் டீச்சர் போர்டில் ஃபார்முலாவை எழுதிவிட்டு போன் பார்க்கப் போய்விடுவார். நாம் நம் போனைப் பார்த்தோம். எங்கேயோ ஒரு ஊரில் இருந்து தமிழில் கணக்கு வீடியோ போடுகிற அந்த அண்ணனுக்கு நாம் வெறி பிடித்த ஃபேன். புது வீடியோ வந்தால் முதல் கமென்ட் யார் போடுவது என்று உனக்கும் எனக்கும் சண்டை. அவர் உன் கமென்டுக்கு ஹார்ட் போட்ட அன்று நீ சந்தில் உள்ள எல்லார் வீட்டுக்கும் போய்ப் போனைக் காட்டினாய். கோழி வெட்டுகிற கடைக்காரருக்கும் காட்டினாய்.

ஆனால் பிழையை நான் புரிந்துகொண்டது வீடியோவில் இல்லை, குழாயடியில். காலையில் தண்ணீர் வரும்போது நிற்பதற்குள் எத்தனை குடம் பிடிப்போம் என்று பந்தயம் கட்டுவோமே. அன்று நான் எட்டு என்றேன். பத்து நிறைந்தது. பிழை ரெண்டு, எட்டில் ரெண்டு இருபத்தைந்து சதவீதம் என்று நான் வேகமாகச் சொன்னேன். இடுப்பில் குடத்தோடு நீ திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, பேனரில் இருக்கிற அதே பார்வை.

"எட்டு எங்கேருந்துட்டி வந்திச்சு?"

"நான்தான் நெனச்சேன்."

"நீ நெனச்சதுலயா வகுப்ப? நெசத்துல வகு. வந்தது பத்து. ரெண்டு பத்துல இருவது."

மாற்றத்தை நம் ரீல்ஸ் பேஜை வைத்துச் சொல்லிக்கொடுத்தாய். நாற்பது பேர் பின்தொடர்ந்தார்கள், ஒரு நல்ல ரீலுக்குப் பிறகு அறுபது ஆனது. ஐம்பது சதவீதம் ஏற்றம் என்று ஆடினோம். அடுத்து நான் பாடிப் போட்ட ஒரு கண்றாவியில் இருபது பேர் ஓடிப்போனார்கள், மறுபடி நாற்பது. சரி, ஐம்பது ஏறி ஐம்பது இறங்கிவிட்டது என்றேன்.

"கூறு கெட்டவளே, ஏறும்போது நாப்பதுல நின்னோம், எறங்கும்போது அறுவதுல நின்னோம். கெளம்புன எடத்துல வகு. அறுவதுல இருவது போச்சுன்னா முப்பத்தி மூணு சொச்சம். உன் பாட்டுக்கு அதுவே கொறச்சல்தான்."

முழுப் பரீட்சையில் நீ அறுபத்து மூன்று எடுத்தாய். ஸ்கூலில் யாருக்கும் அது பெரிய மார்க் இல்லை. தொண்ணூறு எடுத்தவர்களுக்குக் கைதட்டிக் கை வலித்துப்போனவர்கள் உன்னைப் பார்க்கவே இல்லை. உனக்கு அவர்கள் கைதட்டலும் வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு ஆளுக்குக் காட்ட வேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டு சயானுக்கு நடந்தாய். மாடி ஏறி மார்க் ஷீட்டை அவர் மூக்குக்கு முன்னால் பிடித்தாய்.

"நீங்க வேண்டாம்னு சொன்ன புள்ள சார்."

அவருக்கு அது உறைக்கவே இல்லை. "அரே வா, வெரி குட். இப்படி நில்லு, ஒரு போட்டோ" என்று போனை எடுத்தார். நீ சிரித்தாய். ஊரே அதை நன்றிச் சிரிப்பு என்று நினைக்கும். அது இளக்காரம். இப்போது பேனரில் உன் தோளுக்குப் பக்கத்தில் யாருடையது என்று தெரியாமல் ஒரு முழங்கை நிற்கிறது. அது என்னுடையது. என்னை வெட்டிவிட்டார்கள், முழங்கையை வெட்ட சோம்பேறித்தனம்.

பேனரைக் கிழித்துவிடுவது என்றுதான் முடிவெடுத்தேன். பிளேடோடு போனேன். அங்கே உன் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

தெருவில் யாராவது செத்தால் படம் போட்டு அஞ்சலி பேனர் கட்டுகிற ஊர் இது. நான் அத்தை என்று கூப்பிடும் உன் அம்மாவுக்குத் தமிழ் தவிர எதுவும் வாசிக்கத் தெரியாது. இட்லிப் பாத்திரத்தைத் தலையில் வைத்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தியாளா, எம்புள்ளைக்கு எவ்வளவு பெருசா போட்டிருக்காவ. ஒரு வருசம் கழிச்சும் மறக்காம போட்டிருக்காவளே. யாரு வச்சாவளோ, அவுக புள்ளக்குட்டியோட நல்லா இருக்கணும். தெனம் இட்லி குடுத்துட்டு வரும்போது பாத்துட்டுத்தான் போறேன்."

பிளேடு பைக்குள்ளேயே கிடந்தது. உங்கள் வீட்டில் நீங்கள் இரண்டு பேர்தான். நீ போனது ஐம்பது சதவீதம். மறுபடி இரண்டாக வேண்டுமென்றால் இருக்கிற ஒன்றிலிருந்து நூறு ஏற வேண்டும். கெளம்புன எடத்துல வகு என்று நீ சொன்னபோது இதைச் சொல்லவில்லை.

கிழிக்கவும் முடியாது, அந்த ஆளை வாழ்த்தும்படி அவளை விடவும் முடியாது. நேராக மாடிக்குப் போனேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"சார், பேனர்ல கணக்கு தப்பு. எண்பதுன்னு வரணும்."

"அறுபத்து மூணு மைனஸ் முப்பத்தஞ்சு. ட்வென்டி எய்ட். இதுல என்ன டவுட்டு? எந்த கிளாஸ் நீ?"

"அந்தப் புள்ள உங்க கிட்ட படிக்கல சார். நீங்க சேத்துக்கல. அவ செத்துட்டா."

போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஓ. ஸோ ஸாட். எனக்குத் தெரியாது மா." பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், "சரி, அட்மிஷன் முடியிற வரைக்கும் இருக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். இதுதான் நமக்குக் கிடைக்காமல் போன பெரிய படிப்பு. அந்த ஏசிக்கு வெளியே நின்று ஏங்கினோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

நம் சந்தில் ஃப்ளெக்ஸ் ஒட்டுகிற அண்ணனிடம் பேனரைத் திருத்த வேண்டும் என்று சொன்னேன். "யாராவது கேட்டா?" என்றார். "கணக்கு திருத்துனோம்னு சொல்லுங்க" என்றேன். "அப்ப ஏணிய புடி" என்றார். பட்டப்பகலில், பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் பார்க்க, கிளாஸ் பெயர் மேலும் போன் நம்பர் மேலும் தங்க முத்திரை மேலும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினோம். இருபத்தெட்டின் மேல் எண்பது. எங்கள் மாணவி என்ற இடத்தில், தமிழில், பெரிய எழுத்தில்: தானாகவே படித்தவள்.

நான் தமிழ் எழுதப் பழகினதும் போனில்தான் என்பதால், அந்த இரண்டு சொல்லையும் எழுத்து எழுத்தாக நாலு தடவை சரிபார்த்தேன். மறுநாள் அத்தை வந்தாள். பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு வாசித்தாள். "தானாகவே... படித்தவள்." பாத்திரத்தை மறுபடி தூக்கிக்கொண்டே, "ஆமா, போனையே பாத்துக்கிட்டு கெடப்பா. நான் ஏசிக்கிட்டே இருப்பேன். படிச்சிருக்கா" என்றாள்.

இப்போது அது அஞ்சலி பேனர்தான். அத்தை நினைத்ததும் நிஜமும் ஒன்று. பிழை பூஜ்யம்.

இதை வாசிக்கிறவர்களுக்கு: சார் அதை எப்போது வேண்டுமானாலும் இறக்கிவிடலாம். அதற்குள் தாராவிப் பக்கம் வருகிறவர்கள், மாதுங்காவிலிருந்தோ செம்பூரிலிருந்தோ எங்கிருந்து வந்தாலும், ஒரு நிமிடம் அந்த பஸ் ஸ்டாப்பில் நில்லுங்கள். உங்கள் தெருவில் இப்படி சதவீதம் போட்ட பேனர் இருந்தால் எதில் வகுத்தீர்கள் என்று போய்க் கேளுங்கள், என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். பேனருக்குக் கீழே இட்லிப் பாத்திரத்தோடு ஒரு அம்மா நின்றால் அவளிடம் கணக்கெல்லாம் வேண்டாம். நல்லாப் படிச்ச புள்ள என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.