முத்துச்செல்விக்கு மூன்று மார்க்

மார்ச் 27, வெள்ளி, இரவு 11.40. ஆறு பேரில் ஐந்து பேருடைய வருட மதிப்பீடு முடிந்தது. பாக்கி முத்துச்செல்வி.

ஐரோலி டேட்டா சென்டரில் என் டீமிலேயே வேகமான ஆள் அவள்தான். தமிழர்கள் குடியிருக்கும் லேபர் கேம்பில் வளர்ந்த பெண். கஸ்டமரிடம் மராத்தியில் சண்டையும் போடுவாள், கடைசியில் அவரைச் சிரிக்கவும் வைப்பாள். சர்வர் படுத்தால் மேனேஜர், லீடான என்னை விட்டுவிட்டு அவளுக்குப் போன் செய்கிறார். பற்றிக்கொண்டு வருகிறது.

இன்று அவளை என் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஐந்துக்கு மூன்று என்றேன். காரணம் கேட்டாள். "டீமோடு ஒத்துப்போவதில்லை" என்று நான் எழுதியிருந்ததைக் காட்டினேன்.

"என்னைக்கு சார்? ஒரு நாள் சொல்லுங்க."

ஃபார்மை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"நாங்க வடாபாவ் திங்கப் போறப்ப உங்களைக் கூப்பிடலைன்னு கோவமா? வராதீயன்னு யாரு சொன்னா? அதுக்கெல்லாம் மார்க்கைக் கொறைச்சா எப்படி சார்? நாலு இருந்தாதான் ஷிஃப்ட் லீடுக்கு என் பேரு போகும்."

கண்ணாடிக்கு வெளியே டீம் மொத்தமும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. என்னை ஒருத்தன்கூடப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஷிஃப்ட் லீட் ஆகிவிட்டால் எனக்குச் சமமாக உட்காருவாள்.

திங்கட்கிழமை:

1. அந்த வரியை எடுக்க வேண்டும்.
2. மற்ற ஐந்து பேருக்குப் பார்த்த மாதிரியே, தீர்த்த புகார்களை மட்டும் வைத்து அவளுக்கும் மார்க் போட வேண்டும்.
3. அப்படிப் போட்டால் ஐந்துதான் வருகிறது. இரண்டு தடவை பார்த்துவிட்டேன். நாலரை போட அந்த ஃபார்மில் இடமில்லை.