நீ வாங்கிய வீட்டில் ஆள் இருக்கிறார்

ஹாப்சலு
செப்டம்பர் கடைசி வாரம்

அன்பு மகன் தார்வோவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் மழை வரப்போவதை வானொலிக்கு முன்பே சொல்லிவிடுகிறது. மெல்பர்னில் நீயும் மருமகளும் குழந்தையும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். அங்கே வசந்தமாமே, இங்கே ஆப்பிள் எல்லாம் உதிர்ந்து குளவிக்குத் தீனியாகிறது. போனில் பேசினால் பாதியிலேயே மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன், உட்கார்ந்து முழுதாகப் படி.

நீ எனக்காக வாங்கிய வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டேன். உன் சாமர்த்தியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா நான் இப்போது இருக்கும் இந்த மரவீட்டைத் தன் பேருக்கு மாற்றப் பதிவு அலுவலகத்துக்கு நடந்து நடந்து ஒரு ஜோடி பூட்ஸே தேய்ந்துபோனது. நீயோ வேலை முடிந்து மெல்பர்னில் சோபாவில் சாய்ந்தாய், விற்கிற கைரே அயர்லாந்தில் காலைக் காபியோடு உட்கார்ந்தாள், நம் தலைநகர் தாலினில் நோட்டரி அம்மாள் திரையில் இரண்டு பேர் முகத்தையும் சரிபார்த்து, ஒப்பந்தத்தை வாசித்து, புரிந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள், நீங்கள் ஆளுக்கொரு ரகசிய எண்ணைத் தட்டினீர்கள், மூன்று நாட்டில் ஒருவரும் நாற்காலியை விட்டு எழாமல் ஒரு வீடு கைமாறிவிட்டது. அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவளுக்கு அது வேண்டுமா என்று கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. போன பனிக்காலத்தில் நான் வாசலில் வழுக்கி விழுந்தேன், உண்மைதான், அதற்கு நீ வாசலில் மணல் போட ஆள் பார்த்திருக்கலாம், நீ லிப்ட் வைத்த கட்டிடத்தையே பார்த்துவிட்டாய்.

தரகுப் பையன் போனில் ஒரு எண் அனுப்பினான், கதவோரம் மாட்டியிருந்த சின்னப் பெட்டியில் அதை அழுத்தினேன், சாவி விழுந்தது, திறந்து உள்ளே போனால் சமையலறையில் கம்பளிக் காலுறை போட்ட ஒரு கிழவர் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருக்கிறார்! எனக்கு உயிரே போய்விட்டது. அவர் அசரவில்லை. "நகராட்சியில இருந்தாம்மா வர்றீங்க? என்னைக் குளிப்பாட்ட வியாழக்கிழமைதானே வருவாங்க, அதுவும் வேற பொண்ணாச்சே?" என்று கேட்டார். "நான் யாரையும் குளிப்பாட்ட வரலைங்க, என் மகன் இந்த வீட்டை வாங்கியிருக்கான்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பயன். அவர் பேர் ஆர்வெட், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், கைரேயின் அப்பா. வீட்டை மகள் பேரில் எழுதிவைத்தது அவர்தான். இலையுதிர் காலத்தில் வந்து வர்ணம் அடிக்கிறேன், சாமான்களைப் பெட்டியில் கட்டிவையுங்கள் என்று மகள் சொல்லியிருக்கிறாள், மனுஷன் அதை நம்பித் தட்டுமுட்டெல்லாம் கட்டிவைத்து, ஒரே ஒரு தட்டையும் கத்தியையும் வெளியே வைத்துக்கொண்டு வர்ணத்துக்குக் காத்திருக்கிறார்.

நான் அங்கேயே அவரிடம் எண் வாங்கிக் கைரேயைப் போனில் கூப்பிட்டேன். திரையில் வந்தாள், அழுதாள், பின்னால் பூச்சாடியெல்லாம் அழகாக வைத்திருந்தாள். அப்பாவிடம் சொல்லத்தான் இருந்தேன், நல்ல முதியோர் இல்லமாகப் பார்த்து இடமும் பிடித்துவிட்டேன், ஒன்றாம் தேதி வண்டி வரும், அவர் மனசு நோகுமே என்றுதான் தள்ளிப்போட்டேன் என்றாள். அவருக்குக் காது மந்தம், அதையெல்லாம் நான்தான் அவர் காதருகே உரக்கத் திருப்பிச் சொன்னேன். ஆர்வெட் கத்தியைக் கீழே வைக்கவில்லை, சீவிக்கொண்டே கேட்டார்: "வீட்டை வித்தே, சரி. என்னையும் சேர்த்து வித்தியா, இல்ல நான் தனி விலையா?" அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் படம் நின்றுவிட்டது. நிஜமாகவே நின்றதோ, அவள்தான் நிறுத்தினாளோ, எனக்குத் தெரியாது. உன் அப்பாவை அடக்கம் செய்த அன்றும் நீ போன் திரையில் அந்த மாதிரிப் பாதி வாயைத் திறந்தபடி நின்றுபோனாய், பாதிரியார் என் கையிலிருந்த போனைப் பார்த்து மண் போடலாமா என்று கேட்டுக் காத்திருந்தார். அதை நான் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

பிறகு அவர் எனக்கும் தட்டு வைத்தார், ஒரு பெட்டியைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கருப்பு ரொட்டி, உப்பு மீன், உருளைக்கிழங்கு. அந்தக் குளியலறை நல்ல கதகதப்பு, எனக்கே ஆசை வந்தது, பொய் சொல்லமாட்டேன். இருந்தாலும் ஒரு மனுஷனைக் கிளப்பிவிட்ட இடத்தில் என் துண்டைத் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை.

இந்த மாதம் ஒன்றாம் தேதி விடிந்ததும் நான் போய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். வண்டிக்காரன் வந்தான். "பாட்டி, நகருங்க, பெரியவரை ஏத்தணும், போன்ல ஆர்டர் வந்திருக்கு" என்றான். "ஆர்டர் போன்லதானே வந்துச்சு? அப்போ போனையே ஏத்திக்கிட்டுப் போ. நான் வீட்டுக்காரனோட அம்மா, இவர் இங்கதான் இருப்பார்" என்றேன். சிரித்துவிட்டான், நல்ல பிள்ளை, போகும் முன் இரண்டு பெட்டியைப் பிரித்து அடுக்கியும் கொடுத்தான். அன்று சாயங்காலம் நீ போன் செய்து, சட்டப்படி வீடு காலியாக இருக்க வேண்டும், நீ நடுவில் புகுந்து குழப்புகிறாய் அம்மா என்று குதித்தாய். குழப்பவில்லை. சட்டம் முழுக்க உன் பக்கம்தான், பதிவேட்டில் உன் பேர் பளபளவென்று இருக்கிறது, யார் மறுத்தார்கள்? அந்தக் கிழவரை வெளியே போகச் சொல்ல உனக்குப் பூரண உரிமை உண்டு. ஆனால் அவருக்குத்தான் காது மந்தமாச்சே, போனில் பேசினால் ஒன்றும் கேட்காது, திரையில் உருவம் தெரியாது. நீ நேரில் வந்து, அவர் முன்னால் நின்று, முகத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்ல முடிந்தால் நானே பெட்டி கட்டித் தருகிறேன். கைரேயிடமும் இதையேதான் சொன்னேன், அவள் கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் பார்க்கிறாளாம், பார்ப்போம்.

அதுவரை அவர் அங்கே, நான் இங்கே. சனிக்கிழமை சீட்டு விளையாடப் போகிறேன், கள்ளாட்டம் ஆடுகிறார், கையும் களவுமாகப் பிடித்தால் காது கேட்காத மாதிரி நடிக்கிறார்.

உனக்கும் உன் குடும்பத்துக்கும் கடவுள் நீண்ட ஆயுளும் கொஞ்சம் நேரமும் கொடுக்கட்டும். குழந்தைக்கு என் முத்தம், அவளுக்கு நம் மொழியில் நாலு வார்த்தையாவது கற்றுக்கொடு. வரும்போது கெட்டியான பூட்ஸ் போட்டுக்கொண்டு வா. வந்து அந்த வீட்டு மணியை நன்றாக அழுத்திப் பிடி, அவர் எழுந்து வரக் கொஞ்சம் நேரமாகும், அதற்குள் திரும்பிப் போய்விடாதே.

உன் அம்மா,
மைமு