நர்சம்மாவின் பெயர்

ஆடி 27, வியாழன்.

பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் இல்லை. திருத்தணிக்குக் கொண்டுபோன பஸ்ஸிலேயே சரோஜாவுக்கு மூச்சு நின்றுவிட்டது.

காலையில் மூச்சிழுப்பு அதிகமானதும் நான்தான் அவளை நம் கண்டிகைக் கிராமத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் வருவார். மற்ற நாளில் நர்சம்மாவே பார்த்து ஊசி போட்டுவிடும். இன்று மருந்து பீரோவைத் திறக்கவே இல்லை.

"டாக்டர் சீட்டு இல்லாம ஊசி போடக் கூடாதுன்னு போன வாரம் ஆர்டர் வந்துட்டுது அத்தே. மீறினா என் வேலை போயிடும். இவங்கள திருத்தணிக்கு இட்டுகினு போங்க. யாரோ என்னைப் போட்டுக் குடுத்துட்டாங்க."

நான் "ஆங்" என்று மட்டும் சொன்னேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியைப் பார்க்க ஒரு ஆபீசர் வந்தார். திருத்தணி மலையிலிருந்து கொண்டுவந்த விபூதியை அவருக்கு நீட்டி, நானாகத்தான் பேச்சுக் கொடுத்தேன். "எங்களுக்கு டாக்டரே வேணாங்க. நர்சம்மாவே மருந்தெல்லாம் எழுதிக் குடுத்துடும். முருகன் கை அதுக்கு."

புகழ்ச்சியாகத்தான் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே நர்சம்மாவின் பெயரைக் கேட்டார். சொன்னேன். தப்பாக எழுதினார். கிட்டே போய், ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லித் திருத்த வைத்தேன்.

சரோஜாவின் புருஷன் என் கையைப் பிடித்து, "நீங்களாவது கூட வந்தீங்களே அத்தே" என்று அழுதான்.

நாளைக்கு டாக்டர் வருவார்.