மன்னரின் ஊஞ்சலை ஆட்டிய நடுக்கத்துக்குத் தரம் திருத்திய ஓலை

மழை வழுவாது பொழிக. நிலம் தன் நிலையில் நிற்க. குன்றுகள் ஏழும் ஒரு குடைக்கீழ்க் கொண்ட முகிற்கோட்டு நாட்டின் மன்னர்பிரான் திருவளர் முகில்வண்ணக்கோ திருவாய்மொழிந்தருளியபடி, தலையமைச்சர் ஆதன் நெடுவேளார், ஆழித்திட்டின் அரசி நித்திலப் பெருந்தேவியார் திருமுன்புக்கு வணங்கி விடுக்கும் ஓலை. தேவியாரும், தேவியாரின் மீகாமர்களும், வலைஞர்களும், உப்பளத்தாரும், அவர்தம் மக்களும் ஆடு கோழிகளும் நலம் பெருகி வாழ்க.

நடுக்கம் நிகழ்ந்த திங்களில் எம் அவையிலிருந்து தங்களுக்கு ஒரு வாழ்த்தோலையும், மலர்மாலையும், ஒரு பெட்டி கற்கண்டும் வந்தன. அவற்றை ஏந்திவந்த தூதர், தங்கள் அரண்மனை இருந்த இடத்தில் அரண்மனையைக் காணாமல் கற்கண்டுப் பெட்டியோடு திருதிருவென விழித்து நின்றார் என்றறிந்து, இவ்வவையோர் நாணத்தால் தலைகுனிந்தோம். அந்த மடமை எவ்வாறு நேர்ந்தது என்பதை ஒளிக்காமல் உரைக்குமாறு மன்னர் பணித்திருக்கிறார்.

எம் நாட்டில் நிலநடுக்கத்துக்குத் தரம் காண்பது மன்னர் திருமேனியைக் கொண்டே ஆகும். மன்னர் கிண்ணத்து மோர் தளும்பினால் கடைத்தரம். மன்னர் துயிலெழுந்தால் இடைத்தரம். முற்றத்துக்கு நடந்துவந்தால் உயர்தரம். முடியை மறந்து ஓடிவந்தால் தலைத்தரம். தலைத்தர நடுக்கத்துக்கன்றி நேச நாடுகளுக்கு உதவிக் கலங்கள் புறப்படக் கூடாது என்பதும் சட்டம். முன்னொரு மன்னர் காலத்தில் மடைப்பள்ளிக்கு நேர் கீழே எழுந்த சின்னஞ்சிறு குலுக்கல் ஒன்று, இரண்டு பானைகளை மட்டுமே உடைத்தும், அம்மன்னர் ஓடிய ஓட்டத்தால் தலைத்தரம் பெற்றது. அதனை இன்றும் பெருநடுக்கம் என்றே எம் புலவர்கள் பாடுகிறார்கள். பானைகளைப் பற்றி வாய் திறப்பதில்லை.

தரம் காணும் பொறுப்பை உடையவர் பூதங்கொற்றனார் என்னும் நாயகர். கண்டிப்பானவர், விருந்தில் கூட நெய் தம் இலையில் எவ்வளவு விழுந்தது என்று பார்த்துவிட்டுத்தான் கைவைப்பார். நடுக்கம் நிகழ்ந்த நண்பகலில் அவர் யானைகள் நீராடும் குளக்கரையில் இருந்தார். தலை இலேசாகச் சுற்றவே, உண்ட பலாச்சுளைகளின் மேல் பழியைப் போட்டார். அதற்குள் குளத்து நீர் ஒருபுறமாகத் திரண்டு, படிகளைத் தாண்டி, மறுபுறம் சாய்ந்து, மீண்டும் திரண்டது. காற்றில்லை, யானைகளோ எப்போதோ கரையேறிவிட்டன. கோயில் தூக்குவிளக்குகள் எல்லாம் ஒரே திசையில் நெடுநேரம் மெல்ல ஆடின. ஒரு சுவரும் விரிசல் விடவில்லை. ஒரு பானையும் உருளவில்லை. எங்கோ தொலைவில் மிகப் பெரியதொன்று நேர்ந்துவிட்டது என்று அவர் நெஞ்சு பதைத்தது.

அவர் விரைந்து பள்ளியறைக்கு ஓடினார். அங்கே ஊஞ்சற்கட்டிலில் மன்னர் உறங்கிக்கொண்டிருந்தார். நிலத்தின் அசைவுக்கேற்ப ஊஞ்சல் தாலாட்ட, குறட்டை வாயில்காப்போர் வரை கேட்டது. எழுந்ததும், இத்தனை இனிய உறக்கம் முடிசூடிய நாள்முதல் வாய்த்ததில்லை என்று மன்னர் மகிழ்ந்துரைத்தார். துயிலை வளர்த்த நடுக்கம் தரமற்றது, மங்கலமானது, அண்டை நாட்டாருக்கு இனிப்புடன் வாழ்த்து விடுக்கத்தக்கது என்பது சட்டத்தின் கடைசி வரி. பூதங்கொற்றனார் முத்திரையை எடுத்துவிட்டு மீண்டும் கீழே வைத்தார். ஆயினும் மன்னர் உணர்ந்ததற்கு மேலாகத் தரம் சொல்வது அரச நிந்தை ஆகலின், மனமில்லாமலே முத்திரை இட்டார். அன்றிரவு அவர் நெய்யைப் பார்க்கவுமில்லை, உண்ணவுமில்லை.

பின்னர்த் தங்கள் மறுமொழி வந்தது. கற்கண்டுப் பெட்டி திரும்பியிருந்தது. உள்ளே உடைந்த கூரை ஓடு ஒன்று இருந்தது. எம் மன்னர் நன்கு உறங்கியதறிந்து தேவியார் மகிழ்வதாகவும், தம் குடிகள் அனைவரும் கடல்விழாவுக்காக வெளியில் நின்றமையால் உயிர்ச்சேதம் இல்லையென்றும், கடல் பின்வாங்கியதும் எல்லோரும் குன்றேறிப் பிழைத்தார்களென்றும், ஆயினும் கூரைகள் தரையில் கிடப்பதால் தாமும் குடிகளும் வானத்தின் கீழ் உறங்குவதாகவும், வாடைக்காற்று எழுந்து கடல் மூடுமுன் மரமும் அரிசியும் வாராவிடில் மழைக்காலத்தைக் குழந்தைகள் தாங்கமாட்டார்கள் என்றும் தங்கள் தூதர் உரைத்தார்.

சட்ட அறிஞர்கள் எழுந்து, இட்ட முத்திரையை மாற்ற இயலாது என்று நெடிதுரைத்தார்கள். பூதங்கொற்றனார் அவர்களோடு வாதிடவில்லை. மன்னரை வணங்கி, அன்று ஊஞ்சலை ஆட்டியவர் யார் என்று வினவியருள வேண்டும் என விண்ணப்பித்தார். பணிப்பெண்கள் அழைக்கப்பட்டார்கள். கயிற்றைத் தாம் தொடவே இல்லையென்றும், மன்னர் கண்ணயர்ந்ததும் தாயம் ஆடப் போய்விட்டதாகவும், திரும்பிவந்து பார்த்தால் ஊஞ்சல் தானாக ஆடிற்றென்றும், எவளோ ஒருத்தி தம் வேலையைப் பார்த்துவிட்டாள் என்று எண்ணி மீண்டும் ஆடப் போனதாகவும் அவர்கள் நடுங்கியபடி உரைத்தார்கள்.

மன்னர் முதலில் சிரித்தார். பிறகு அந்தக் கூரை ஓட்டைக் கையில் எடுத்தார். பாய்விரித்துப் பல நாள் செல்லும் தொலைவில் இருந்துகொண்டு தம் ஊஞ்சலை ஆட்டத்தக்க கை, தன் அருகில் இருந்த வீடுகளை என்ன செய்திருக்கும் என்று கேட்டார். பூதங்கொற்றனார் அவையென்றும் பாராமல் மேலாடையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றே பழைய சட்டம் நீக்கப்பட்டது. நடுக்கத்துக்கு இனி இரண்டு அளவுகள். நிலத்தின் அடியில் அது எவ்வளவு ஆற்றலோடு பிறந்தது என்பது ஒன்று. அது எல்லா ஊருக்கும் ஒன்றே. ஓரூரில் அது எப்படி உலுக்கியது என்பது மற்றொன்று; அது ஊருக்கு ஊர் மாறும். பிறப்பாற்றலை அறிய எந்த ஊர்வரை அசைவு எட்டிற்று, எத்தனை நேரம் நீடித்தது, எங்கெங்கே குளம் தளும்பிற்று என்று எல்லா ஊர்களையும் கேட்டறிய வேண்டும். மன்னரையும் கேட்கலாம், அவர் விழித்திருந்தால். பிறப்பாற்றலின் படிகளும் ஏணிப்படிகள் போல ஒரே உயரம் உடையன அல்ல. கீழ்ப்படி நடுக்கங்கள் முப்பதை ஒன்றாகத் திரட்டினால்தான் மேற்படி நடுக்கம் ஒன்றுக்கு ஈடாகும் என்பது பூதங்கொற்றனாரின் கணிப்பு. அதன்படி மடைப்பள்ளி நடுக்கம் அடிப்படிக்கு இறங்கியது, புலவர்கள் வருந்துகிறார்கள். தங்கள் நடுக்கம் உச்சிப்படியில் வைக்கப்பட்டது. அதற்கு இணையாக எம் முன்னோர் நினைவில் ஒன்றுமில்லை.

ஆதலால் தேக்கும் பனையும் கூரை ஓடும் ஏற்றிய கலங்களும், நெற்கலங்களும், தச்சர் இருநூற்றுவரும் வாடைக்கு முந்திப் புறப்பட்டார்கள். பூதங்கொற்றனார் தாமே முன்கலத்தில் வருகிறார். கடற்பயணம் அவருக்கு ஒவ்வாது. இவ்வோலை தங்கள் கைசேரும்போதாவது அவருக்கு இளநீர் கொடுத்தருளுக.

முகிலும் குன்றும் பொறித்த முத்திரை இட்டு, ஓலை ஏந்திவரும் தூதருக்கு மன்னர் விதித்த ஆணை இது: முன்பு எம் சொல் தங்கள் கரைக்கு வந்தது, சோறு வரவில்லை. ஆகவே கடைசி மூட்டை இறங்கி, முதல் கூரை ஏறி, அதன் கீழ் ஒரு குழந்தையேனும் உறங்கிய பின்னரே இவ்வோலையைத் தேவியார் திருக்கையில் நீட்டுக. அதுவரை வாய் திறவாது மரம் சுமக்குக.