கோராவுக்கு வந்த பிளாஸ்டிக் சுருள்

ஹோமர், அலாஸ்கா
செப்டம்பர் 9

அன்பு மகள் மாரெனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம்தான், பல்வலிகூடத் தேவலை என்று உன் சித்தி கோரா சொன்னாள். உனக்குப் பல்வலி வந்ததே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போகட்டும். வலி நின்றதென்று அந்தப் பல்லை அப்படியே விட்டுவிடாதே, மருத்துவரிடம் காட்டு. இங்கே பத்து நாளாக விடாத மழை. அப்பா படகைக் கரையேற்றிவிட்டார், முழங்கால் வலியை என்னிடம் மறைக்கிறார். என் முட்டைக்கோஸ் பாத்தியை மூஸ் மான் வந்து மொட்டையடித்துவிட்டுப் போனது, கோராவின் தோட்டத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூஸுக்குக்கூட அவள் மேல்தான் பாசம்.

உங்கள் கம்பெனியில் செய்து நீ அவளுக்கு அனுப்பிய, பூச் சுற்றும் பிளாஸ்டிக் தாள் சுருளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஜூலையில் அது வந்த அன்றே, பூ வைக்கும் குளிரறையின் நட்டநடுவில் நிறுத்தி வைத்துவிட்டாள். அறை இருப்பது அவள் வீட்டில் என்றாலும் என் பியோனிப் பூக்களும் அதில்தானே இருக்கின்றன, தினமும் போகும்போதும் வரும்போதும் அதைச் சுற்றிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அது வந்த பெட்டியின் மேல் உன் கையெழுத்து, அவள் பெயர். நான் எப்போதும்போல என் பூக்கட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றினேன், அவள் நீ அனுப்பிய தாளில் சுற்றினாள். ஆகஸ்ட் மூன்றாம் வாரம் ஆங்கரேஜிலிருந்து பூக்கடைக்காரி பெர்னிஸ் வந்தாள். செப்டம்பர் முதல் சனிக்கிழமை ஒரு பெரிய கல்யாணமாம், முழுக்கப் பியோனிதான் வேண்டுமாம். என் கட்டைப் பிரித்தாள், இலையெல்லாம் சருகு, மொட்டின் ஓரம் பழுப்பு. கோராவின் கட்டைப் பிரித்துத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது நேத்து வெட்டினதா என்று கேட்டாள். அதற்கு உன் சித்தி, அஞ்சு வாரமாச்சு, எல்லாம் எங்க மாரென் அனுப்புன தாளு பண்ற வேலை என்றாள். எங்க மாரெனாம். இரண்டு பையன்களைப் பெற்றவளுக்கு என் மகள் எதற்கு என்று எனக்கு வயிறு எரிந்தது, ஆனால் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். பெர்னிஸ் நல்லவள். நீங்க கடைசியா வெட்டப்போற பூ நல்லா இருந்தா பாதிப் பூவை உங்ககிட்டயே எடுத்துக்கிறேன், பத்து நாள்ல வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இனிமேல் எழுதப்போவதை உன்னிடம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் கோரா சொல்லி நீ தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுகிறேன். மறுநாள் மழையோடு மழையாகக் கடைசி இளஞ்சிவப்பு மொட்டுகளை வெட்டினேன், நாற்பது கட்டு. கோரா அப்போது மகனின் படகிலிருந்து மீன் இறக்கத் துறைமுகத்துக்குப் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் அந்தச் சுருளிலிருந்து வேண்டிய மட்டும் வெட்டி நாற்பதையும் இறுக்கச் சுற்றி, மேலே செய்தித்தாளைப் போட்டு மூடிவைத்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளே தந்திருப்பாள், எனக்கும் தெரியும். கேட்க வாய் வரவில்லை. பெர்னிஸ் வருவதற்கு முந்தின நாள் பிரித்தேன். தாளின் உட்புறமெல்லாம் நீர் கோத்து, மொட்டு மொட்டாகச் சாம்பல் பூசணம். ஒரு கட்டுகூடத் தேறவில்லை. பின்னால் கோரா நிற்பது நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது.

அவள் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஈரத்தோட சுத்திட்டியாக்கா, முதல்ல காயவிட்டு, நல்லா குளிரவெச்சு, அப்புறம்தான் சுத்தணும்னு மாரென் தெளிவா எழுதியிருக்காளே என்றாள். உனக்கு எழுதியிருக்கா, எனக்கா எழுதுனா என்று நான் கத்திவிட்டேன். அவள் பூசணம் பிடித்த ஒரு கட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: நான் கேட்டேன், எழுதுனா. நீ போன் பண்ணா சாப்டியா, காருக்கு எண்ணெய் மாத்துனியா, எப்ப வர்றே, அவ்வளவுதானே கேக்குறே. அவ என்ன வேலை பாக்குறான்னு இந்த ஆறு வருஷத்துல ஒரு தடவ கேட்டிருக்கியாக்கா என்றாள். நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பொருமினேன். அவர் மீனைச் சுத்தம் செய்துகொண்டே, அந்தத் தாள்ல முடியைவிடச் சின்னதா ஓட்டை இருக்காம், பூ அது வழியா மெதுவா மூச்சு விடுமாம், உனக்குத் தெரியாதா என்கிறார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் நான் ஒருத்திதான் உனக்கு அந்நியம்.

அன்று இரவு முழுக்க யோசித்தேன். நீ இந்த வேலையில் சேர்ந்த அன்று, இவ்வளவு படித்தது மிச்சச் சோற்றை மூடுகிற தாள் செய்யவா என்று நான் கேட்டது நினைவுக்கு வந்தது. நீ உடனே போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ வேலையைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை, நானும் கவனிக்கவே இல்லை.

கல்யாணத்துக்குக் கோராவின் பூக்களே முழுக்கப் போயின. வண்டியில் ஏற்ற நானும் கை கொடுத்தேன். என் பூக்கள் என்னவாயின என்று பெர்னிஸ் கேட்டதற்கு, மழையில அழுகிப்போச்சு என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டாள் கோரா. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தாளே என்று இன்னமும் அவள் மேல் எரிச்சல் தீரவில்லை. நாற்பது கட்டையும் நானே சுமந்து போய் எருக்குழியில் கொட்டினேன்.

சரி, இப்போது கேட்கிறேன். காலையில் போனதும் முதலில் எதைக் கையில் எடுப்பாய்? அவ்வளவு சின்ன ஓட்டையை எதை வைத்துப் போடுகிறீர்கள்? பூவுக்கும் வெள்ளரிக்காய்க்கும் ஒரே தாள்தானா? உன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பது யார்? புரியாதென்று சுருக்காதே, எத்தனை பக்கமானாலும் எழுது, புரிகிறவரை படிப்பேன். கோராவுக்குச் சொன்னதையெல்லாம் எனக்கும் சொல். அவளுக்கு இன்னும் சொல்லாதது ஏதாவது இருந்தால் அதை முதலில் சொல்.

கடவுள் உன்னைக் குறையில்லாமல் காக்கட்டும், எடுத்த வேலையெல்லாம் கைகூடட்டும். புகைபோட்ட சால்மன் மீன் ஆறு புட்டி அனுப்பியிருக்கிறேன். உன் சித்தியும் ஏதோ கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே நாளில் வந்தால் என்னுடையதை முதலில் பிரி.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
ரோவீனா