கல்லுக்குக் குடை

மே 26
காலையில் நல்ல வெயில். சின்னக்கானலில் இந்த நேரத்துக்கு இப்படி அடித்தால் மழை பின்னால் வட்டியோடு வரும் என்கிறார் இவர். வரட்டும். அதற்குள் பாறைத் தோட்ட வேலை முடிய வேண்டும்.

உடைத்த செங்கல் ஒரு சாக்கு. கருங்கல் சில்லு இரண்டு சட்டி. மணல் போதவில்லை. சாணி, உரம் கூடவே கூடாது. பனிமலைப் பாறை இடுக்கில் கிடக்கிற செடிகள், பட்டினி போட்டால்தான் பூக்கும். வயிறாரப் போட்டால் அழுகும்.

விதை மகள் கவிதா ஸ்காட்லாந்திலிருந்து அனுப்பியது. போன வருஷமே ஃபிரிட்ஜில் மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் குளிரவைத்து முளைக்க வைத்துத் தொட்டியில் வளர்த்தேன். டயாந்தஸ், காம்பானுலா, செடம். அங்கே நடுக்கோடையில், ஜூன் கடைசியில் பூக்குமாம். அவள் ஜூலை முதல் வாரம் வருகிறாள். நான்கு வருஷம் கழித்து. அவள் கேட்டைத் திறக்கும்போது பூத்திருக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

இடம், வீட்டுக்குப் பின்னால் சரிவில் இறங்கும் எஸ்டேட் கான். மேலே தேயிலைக் காட்டில் விழும் மழைத் தண்ணீரைக் கீழே கொண்டுபோக வெட்டிய வாய்க்கால். முன்பெல்லாம் மே மாதம் ஆள் இறங்கி வழித்துவிடுவார்கள். அந்தக் காட்டை எஸ்டேட் கைவிட்ட பிறகு யாரும் வருவதில்லை. போன வருஷம் சொட்டு ஓடவில்லை. கல் கட்டின பள்ளம் சும்மாதானே கிடக்கிறது. மண் கொட்டி மிதித்து மேடாக்கி, மேலே கல் அடுக்கியாயிற்று. செடிகளுக்கு ஈரம் ஆகாது என்று கானின் மேல் வாயை மண் மூட்டையால் அடைத்தாயிற்று. மூட்டை சுமந்தது இவர். அந்தக் காட்டிலேயே சூப்பர்வைசராக இருந்தவர். "அது செத்த கான்" என்றார்.

மே 31
மழை தொடங்கிவிட்டது. பிளாஸ்டிக் ஷீட் கட்டினோம், நாலு கம்பு நட்டு, செடிகளின் மேல் கூரை போல. ஷீட்டில் விழுகிற தண்ணீர் பக்கத்துச் சரிவில் இறங்கிவிடும்.

புஷ்பம் வந்தாள். இவருடைய தங்கை. எங்களுக்கு நேர் கீழே, அதே சரிவில் வீடு. அவள் மகள் சுதா பிரசவத்துக்கு வந்து பிள்ளையோடு இருக்கிறாள்.

"என்ன மதினி, மனுசங்க நனைஞ்சுக்கிட்டுத் திரியுறோம், நீங்க கல்லுக்குக் குடை புடிக்கிறீகளே?"

"ஒனக்கும் ஒண்ணு கட்டித் தாரேன், போய் அந்தக் கல்லு மேல ஒக்காரு" என்றேன். சிரித்துக்கொண்டே மாட்டுக்குப் புல் அறுக்கப் போய்விட்டாள்.

ஜூன் 5
விடாத மழை. துணி காயவில்லை. அட்டை காலில், அடுப்படியில், எங்கும்.

டயாந்தஸில் மொட்டு! பென்சில் முனை அளவு. செடியின் கழுத்தைச் சுற்றிச் சில்லு போட்டேன். கையை உள்ளே விட்டுப் பார்த்தேன், காய்ந்தே இருக்கிறது. இவ்வளவு மழைக்கும் மூட்டைக்குப் பின்னால்கூடத் தண்ணீர் தேங்கவில்லை. தரை அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூட்டைக்கு மேலே புல்லில் தரை கொஞ்சம் அமுங்கியிருக்கிறது, கோடு போல, குறுக்காக. "ஆனை மிதிச்ச தடம்" என்றார் இவர். ராத்திரி வந்துபோயிருக்கும். செடியை விட்டதே, புண்ணியம்.

ஜூன் 11
பின் கதவு சாத்த வரமாட்டேன் என்கிறது. மழைக்கு மரம் ஊதியிருக்கிறது என்று இவர் இழைப்புளி எடுத்துச் சீவினார். சாயங்காலம் மறுபடி இடிக்கிறது.

புஷ்பம் வீட்டு அடுப்படித் தரையில் தண்ணீர் கசிகிறதாம். "பைப்பு உடைஞ்சிருக்கும்னு பாத்தேன் மதினி. பைப்பு நல்லாத்தான் இருக்கு. தரையிலேருந்து வருது, ஊத்து மாதிரி." சாக்குப் போட்டிருக்கிறாள். சுதாவையும் பிள்ளையையும் முன் அறைக்கு மாற்றிவிட்டாளாம்.

உப்பு வாங்க வேண்டும். நத்தை வருகிறது.

ஜூன் 14
முதல் பூ! இளஞ்சிவப்பு, ஓரம் கத்தரித்த மாதிரி. முகர்ந்தால் கிராம்பு வாசம். கவிதாவுக்குப் போட்டோ அனுப்பினேன். "அம்மா, நீ கெட்டிக்காரி" என்று வந்தது. எத்தனை தடவை படித்தேன் என்று எழுத மாட்டேன்.

பூவைப் பார்த்துவிட்டு மேலே போனேன். யானைத் தடம் நீண்டிருக்கிறது. சரிவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை. விரலை விட்டேன், கை இறங்கியது. மணிக்கட்டுக்கு மேல் இறங்கியும் அடி தட்டவில்லை. உள்ளே குளிர்ந்த காற்று. எந்த யானையும் இப்படி மிதிக்காது.

இவரைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து ஒரு கல்லை உள்ளே போட்டுக் காது கொடுத்தார். பிறகு, "தண்ணி பூராவும் மலைக்குள்ள எறங்குது. கானைத் தொறந்து விடணும்" என்றார்.

"தொறந்தா செடி?"

"செடி போவும்."

"கவிதா வந்து பாத்துரட்டும். அப்புறம் நானே புடுங்கிப் போடுறேன்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. செத்த கான் என்று சொன்னதே அவர்தானே. அந்த வெட்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஜெயித்தேன். எனக்கே தெரிகிறது.

ஜூன் 15
காம்பானுலா திறந்துவிட்டது. நீல மணிகள். சந்தோஷமாகவே இல்லை.

புஷ்பம் வீட்டுக் கசிவு நேற்று வரை தெளிந்த தண்ணீர். இன்று செம்மண் கலங்கி வருகிறது. அவள் ஒரு சட்டியில் பிடித்துக்கொண்டு வந்து காட்டினாள். "இது எங்கேருந்து மதினி வருது?" தெரியலையே என்றேன். பிள்ளையைக் கையில் கொடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டு அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பயமாக இருக்கிறது. நாளைக்குக் கானைத் திறக்கச் சொல்லிவிட்டேன். கவிதா போட்டோவில் பார்த்துக்கொள்ளட்டும்.

ஜூன் 16, பள்ளிக்கூடம்
நிவாரண கேம்ப். ஐந்தாம் வகுப்பு அறை. டைரி பையில் எப்படி வந்தது தெரியவில்லை.

விடிந்ததும் மழையிலேயே இறங்கினோம். ஷீட்டை அறுத்தெறிந்தார். செடிகளை நான்தான் பிடுங்கினேன், பூவோடு, மொட்டோடு. கல், செங்கல், மிதித்த மண், மூட்டை, எல்லாவற்றையும் இழுத்துப் போட்டோம். கான் மேலிருந்து கீழ்வரை திறந்துவிட்டது.

தண்ணீர் வரவில்லை.

கண் தெரியாத மழை. மேல்காட்டிலிருந்து ஆறாக இறங்குகிறது. யானைத் தடம் என்றோமே, அந்தப் பிளவு வரைக்கும் வருகிறது, அதற்குள் போய்விடுகிறது. இந்தப் பக்கம் கான் ஓடவில்லை. இவர் மண்வெட்டியோடு நின்றார்.

அப்போது கீழேயிருந்து புஷ்பத்தின் குரல், சந்தோஷமாக. "மதினீ! ஊத்து நின்னு போச்சு! சொட்டு இல்ல!"

இவர் முகம் இப்படி மாறி இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. உள்ளே போன தண்ணீர் வெளியே வரவில்லை என்றால் மலைக்குள் நிற்கிறது; சரிவு மொத்தமாக இறங்கப் போகிறது. மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினார். பிள்ளையைத் தூக்கினார், சுதாவைக் கையைப் பிடித்து இழுத்தார். புஷ்பம் திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள். "தரை காஞ்ச பொறவு எதுக்குண்ணே பள்ளிக்கூடத்துக்கு?"

வரும் வழியில் இவர் என்னிடம், "அவகிட்ட சொல்லிரு" என்றார். பிளவு, மூட்டை, எல்லாவற்றையும். நான் புஷ்பத்திடம் சொன்னது: "மழைக்கு ஆரஞ்சு அலர்ட்டாம். பஞ்சாயத்து மெம்பர்தான் எல்லாரையும் வரச் சொன்னாரு."

கஞ்சி கொடுத்தார்கள். குடித்தோம். பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். பாயில் கொஞ்சம் சாய்ந்தேன்.

இப்போது மத்தியானம். புஷ்பத்தின் பாய் காலி. குடையைக் காணோம். "அம்மா மாட்டைப் பாக்கப் போயிருக்கு அத்தை. கட்டிப்போட்டுல்ல வந்தோம். தரைதான் காஞ்சிருச்சே, பயமில்லன்னு சொல்லிச்சு" என்றாள் சுதா.

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். செருப்புகூடப் போடாமல் கிளம்பிவிட்டார். வாசல்வரை ஓடினேன், மழையில் ஆள் தெரியவில்லை. போன் அடித்தேன். அவர் பாயிலேயே அடிக்கிறது.

பிள்ளை என் மடியில் தூங்குகிறது. சுதா பக்கத்தில் உட்கார்ந்து மூன்றாவது தடவையாகக் கேட்கிறாள், மாமா ஏன் இப்படி ஓடுறாக அத்தை என்று.